இன்வர்ட் என்ற சொல்

பிள்ளைகளாக இந்த நகரத்தில் வந்து இறங்கி, இப்போது மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயதுக்கு வந்துவிட்ட உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். விம்பிள்டன் கோயிலில் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நாம் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம், பிள்ளைகளின் கலியாணங்களைப் பற்றிப் பேசுகிறோம். எந்த இங்கிலிஸ் சொல்லுக்கு முதன்முதலில் பயந்தோம் என்று ஒருவரையொருவர் கேட்டதில்லை. அண்மையில் நான் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் உடனே ‘டிப்போர்ட்’ என்றார், நாடுகடத்துவது. இன்னொருவர் கொஞ்சமும் சிரிக்காமல் ‘கஸ்டர்ட்’ என்றார். பள்ளிச் சாப்பாட்டில் அதை விழுங்கும்வரை எழும்ப விடமாட்டார்களாம். என்னுடைய சொல்லைக் கேட்டபோது எல்லோரும் விழித்தார்கள்.

இன்வர்ட். உள்நோக்கி என்று பொருள். கால்விரல்கள் உட்பக்கமாக வளைந்திருந்தால் அந்தச் சொல். கதவு வீட்டுக்குள் திறந்தால் அந்தச் சொல். ஒரு மனிதர் வெளிப்பேச்சைக் குறைத்துக்கொண்டு தனக்குள் இறங்கிப் போனாலும் அதே சொல்தான். இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா நான் தவழ்ந்த காலத்திலேயே இலண்டனுக்குப் போய்விட்டவர். அம்மாவும் நானும் பின்னால், ஒரு ஏஜென்சிக்காரரின் ஏற்பாட்டில், வேறு யாரோ ஒரு தாயும் மகளுமாக, அவர்களுடைய பாஸ்போர்ட்டில் வந்தோம். புறப்படுவதற்கு முன் கொழும்பு லொட்ஜ் அறையில் அம்மா என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சொன்னார்: “உன்ரை பேரைச் சொல்லி ஆர் கூப்பிட்டாலும் திரும்பக்கூடாது. ஆர் என்ன கேட்டாலும் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அம்மாவைப் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள்.”

நான் தலையாட்டினேன். விமானத்தில் வாய் திறக்கவில்லை. நடுவில் ஏதோ ஒரு நாட்டு விமான நிலையத்தில், சீருடை போட்ட ஒரு பெண் குனிந்து இனிப்பு நீட்டியபோதும் திறக்கவில்லை. ஹீத்ரோவில் மீசை வைத்த ஒரு மெலிந்த மனிதர் என் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடி வந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்தான் அப்பா. என்னைத் தூக்கியபோது அவர் அழுதது என் கன்னத்தில் ஈரமாகத் தெரிந்தது. பிள்ளை களைத்துப்போய்விட்டது என்று அம்மா சொன்னார்.

இனிப் பேசலாம் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அம்மா மறந்துவிட்டார். வந்து சேர்ந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். எனக்கு அது முடியவில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டால் அம்மாவோடு கதைப்பேன், மெல்ல மெல்ல அப்பாவோடும் கதைத்தேன். வாசலைத் தாண்டினால் விமான நிலையம்தான்.

தென் இலண்டனில், தோர்ண்டன் ஹீத்தில், கோழி பொரிக்கிற ஒரு கடைக்கு மேலே எங்கள் அறை இருந்தது. பின்னேரமானால் பழைய எண்ணெய் வாசம் தரைப்பலகைகளுக்கூடாக மேலே ஏறி வந்து போர்வையிலும் பாடப்புத்தகத்திலும் படிந்துவிடும். அப்பா பெற்றோல் ஸ்டேசனில் வேலை செய்தார். ஒரு சனிக்கிழமை, தேவாலய மண்டபத்தில் பழைய உடுப்புகள் விற்கிற இடத்தில் எனக்கு ஒரு கோட் வாங்கித் தந்தார். கடும்நீலம், பொத்தான்களுக்குப் பதிலாக மரக்குச்சிகள். அந்தக் கோட் பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. அதன் உட்கழுத்தில் முன்பு போட்ட பிள்ளையின் பெயர் சிவப்பு நூலால் தைத்திருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஓர் இங்கிலிஸ்காரப் பெண்பிள்ளையின் பெயர். அப்படியானால் இப்போது இதுதான் நான் என்று விளங்கிக்கொண்டேன். பள்ளியில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் கையை உயர்த்துவதற்குத் தயாராகவே இருந்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை.

காலையில் வகுப்பாசிரியை எல்லோருடைய பெயர்களையும் வாசிப்பார். சிவப்புக் கார்டிகன் போட்ட, பெப்பர்மின்ட் மணக்கிற, இளம் வயதுப் பெண். என் பெயரை மென்றுதான் சொல்வார். ஆனாலும் அது என் பெயர் என்று எனக்குத் தெரியும். தெரிந்தபடியால்தான் அசையாமல் இருப்பேன். அவர் இன்னொரு முறை கூப்பிடுவார். பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூத்திரம் முட்டினாலும் கேட்கமாட்டேன். விளையாட்டு நேரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வாசலில் யாராவது சீருடையோடு வருகிறார்களா என்று பார்த்தபடி நிற்பேன். ஒரு சீருடைக்காரர் வந்தார். பால் கொண்டு வருகிறவர். அவர் போகும்வரை நான் குழாய்க்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

பேசவில்லையே தவிரக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் மூடியிருக்கிற பிள்ளைக்குக் காது இரண்டு மடங்கு வேலை செய்யும். வகுப்பில் பேசுகிற இங்கிலிஸ் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பிள்ளைக்கு இங்கிலிஸே தெரியாது என்று ஆசிரியை மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னதும் எனக்கு விளங்கியது.

குளிர் கூடி, நான்கு மணிக்கே இருட்டத் தொடங்கிய நாட்களில் ஒரு பின்னேரம், ஆசிரியை வாசலுக்கு வந்து அம்மாவை நிறுத்தினார். நீளமாக ஏதோ சொன்னார். அம்மா ‘யெஸ், யெஸ்’ என்றார். அம்மாவுக்கு விளங்கவில்லை என்று ஆசிரியைக்குத் தெரிந்திருக்க வேண்டும். சத்தத்தைக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, தன் கையை வெளியிலிருந்து நெஞ்சை நோக்கி மெல்லக் கொண்டுவந்து காட்டினார். “ஷீ இஸ் டேர்னிங் இன்வர்ட்.” அதையே இன்னொரு முறையும் சொன்னார். அவருடைய முகம் கவலையாக இருந்தது. அம்மாவின் கை என் விரல்களை நசுக்கியது.

அம்மாவுக்கு ‘டேர்ன்’ தெரியும். ஊரில் சங்கக்கடை வரிசையிலும் டொக்டரிடம் காத்திருக்கிற வாங்கிலும் ‘உங்கடை டேர்ன் வந்திட்டுது’ என்றுதான் சொல்வார்கள். ‘வாட்’ என்பதும் தெரியும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டில் கட்டிலாகக் கிடத்தி வைத்திருக்கிற மண்டபம். வாட்டில் மறித்து வைத்துவிட்டார்கள் என்றால் வருத்தம் கடுமை, நோய் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஆசிரியை நெஞ்சையும் தொட்டுக் காட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சேர்வதற்கிடையில் அம்மா எல்லாவற்றையும் பொருத்தி முடித்துவிட்டார்.

அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அம்மா சொன்னார்: “பிள்ளைக்கு நெஞ்சிலை ஏதோ வருத்தமாம். அவளின்ரை டேர்னாம். இன் வாட்.”

அப்பா திகைத்துப்போய் இருந்தார். பள்ளியில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார். அம்மா விடவில்லை. கேட்டால் அங்கேயே பிள்ளையைப் பிடித்துவைத்துவிடுவார்கள் என்றார். நகரசபைக் கவுன்சில்காரர் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் வேறு வீட்டில் விட்டதாகக் கோயிலில் யாரோ சொன்ன கதை அவர் காதில் ஏற்கனவே விழுந்திருந்தது. என் சட்டையை உயர்த்தி நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். குளிர்ந்த காது. கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். பயத்தில் என் நெஞ்சு அடித்த அடியை அம்மா வருத்தம் என்றே எடுத்துக்கொண்டார்.

அம்மாவின் பயத்துக்கு ஒரு வேர் இருந்தது. அவருடைய ஒரே தங்கை, என் சின்னம்மா, ஊரில் காய்ச்சலோடு வாட்டுக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எப்படி என்று அம்மா சொன்னதில்லை. கேட்டால் அடுப்படிக்குப் போய்விடுவார்.

அடுத்த நாள் பள்ளி இல்லை என்று அம்மா சொன்னார். பள்ளி இருந்தது, பிள்ளைகள் போகிற சத்தம் யன்னலுக்குக் கீழே கேட்டது. ஒரு பையில் உடுப்புகளைத் திணித்து, கோட்டை மாட்டி, தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அதுவரை அப்பா இல்லாமல் இலண்டனில் ரெயில் ஏறாத மனுசி. விக்டோரியாவில் இறங்கி, அங்கிருந்து பாதாள ரெயிலில் கடைசி ஸ்டேசனான வால்தம்ஸ்டோவரை போக வேண்டும். வரைபடத்தில் அந்த ரெயில் பாதைக்குரிய நிறத்தை மட்டும் அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். நகரும் படிக்கட்டின் உச்சியில் அம்மா கால் வைக்கப் பயந்து நின்றார். பின்னால் வந்தவர்கள் எங்களை உரசிக்கொண்டு போனார்கள். கடைசியில் அம்மா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி கால் வைத்தார். ஏழு வயதுப் பிள்ளையை. அவருடைய கழுத்தில் நல்லெண்ணெயும் வேர்வையும் மணத்தது. திரும்பவும் நாங்கள் வேறு ஒரு தாயும் மகளுமாக எங்கேயோ போகிறோம் என்று நான் நினைத்தேன். அம்மா முன்பு சொன்னதெல்லாம் சரிதான், இன்னும் முடியவில்லைத்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

வால்தம்ஸ்டோவில் இருந்தவர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். இங்கே ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினாலும் சட்டைப்பையில் பேனை இல்லாமல் வெளியே போகமாட்டார். அம்மா சொன்ன சொல்லைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

“அண்ணி, அது ரெண்டு சொல் இல்லை, ஒரு சொல். கச்சேரியிலை வாற கடிதத்தை இன்வர்ட் எண்டுதான் பதியிறது. போற கடிதம் அவுட்வர்ட். பிள்ளை புதிசாய் வந்து சேர்ந்தவள் எண்டு டீச்சர் சொல்லியிருக்கிறா. இதுக்குப் போய்ப் பயப்பிடுறீங்களே.”

அம்மாவுக்கு ஒரு நிமிடம் முகம் தெளிந்தது. பிறகு, வந்து சேர்ந்து இவ்வளவு காலமான பிள்ளையைப் பற்றி ஏன் இப்போது ஆசிரியை அழுவாரைப்போலச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். நெஞ்சை ஏன் தொட்டார் என்றும் கேட்டார். சித்தப்பா சந்தேகம் வேண்டாம் என்று தன் அகராதியை எடுத்து வந்தார். முதலில் இன்வர்ட் என்ற சொல்லைப் பார்த்தார். ‘உட்புறமான, அகமுகமான’ என்று இருந்தது. அகம் என்றால் வீடு, வீட்டு ஞாபகமாக இருக்கிறாள் என்பதாகவும் இருக்கலாம் என்றார். இரண்டு அர்த்தம் சொன்ன மனிதரை அம்மா இனி நம்பத் தயாராக இல்லை. “வாட் எண்டதையும் பாருங்கோ” என்றார்.

சித்தப்பா பக்கம் புரட்டினார். அவருடைய விரல் ஒரு வரியில் நின்றது. வாசிக்காமல் மூடப் பார்த்தார். அம்மா புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கூடம் என்பது இரண்டாவதாகத்தான் இருந்தது. முதலாவது அர்த்தம் ‘காவல்’. அதற்குக் கீழே: ‘சட்டப்படி பிறர் பொறுப்பில் வைக்கப்பட்ட சிறுவர்.’

அதற்குப் பிறகு அந்த வீட்டில் திரைச்சீலைகள் விலகவே இல்லை.

அந்த நாட்களைப் பற்றி எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் மணங்கள்தான். முன்கூடத்து ஹோலின் மூலையில் எரிந்த பரபின் ஹீட்டரின் மண்ணெண்ணெய் மணம். அதற்கு மேல் சித்தி காயப்போட்ட ஈரக் காலுறைகளின் மணம். சித்தப்பாவும் சித்தியும் வேலைக்குப் போனால் நானும் அம்மாவும் அந்த இருட்டில் இருப்போம். கடிதம் போடுகிற துவாரத்தின் மூடி டக்கென்று அடித்தால் அம்மா என்னை இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற சிறிய அறைக்குள் போய் நிற்பார். இப்போது வீட்டுக்குள்ளும் நான் பேச்சைக் குறைத்துவிட்டேன். அம்மா என்னோடு பேசுவதும் குறைந்தது. என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் இருமினால் எழும்பி வருவார். எங்கள் இரண்டு பேரில் யார் யாருக்குக் காவல் இருந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் தோர்ண்டன் ஹீத்தில் அப்பாவின் கதவை ஒரு பெண் தட்டியிருக்கிறார். பள்ளிக்கு வராத பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் விசாரிக்கிற கவுன்சில் ஊழியர். அடையாள அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாராம். அப்பா வேலையால் வந்து நித்திரையில் இருந்தவர், இடுப்பில் கட்டிய சாரத்தோடு கதவைத் திறந்திருக்கிறார். பிள்ளை எங்கே என்று கேள்வி. எங்கள் அகதி வழக்கு அப்போது உள்துறை அலுவலகத்தில் கிடந்தது. அட்டை தொங்குகிற எவரைக் கண்டாலும் அப்பாவுக்குப் பயம். வருத்தம் என்றார். என்ன வருத்தம் என்று அந்தப் பெண் கேட்டார். அப்பா யோசித்தார். அவருக்கு அந்த விஷயத்தில் தெரிந்தது ஒரே ஒரு வசனம். “இன் வாட்” என்றார்.

வந்த பெண் மிகவும் வருந்திக்கொண்டு போய்விட்டார்.

சில நாளில் கதவடியில் ஒரு தடித்த உறை கிடந்தது. அப்பா அதைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வால்தம்ஸ்டோவுக்கு வந்தார். சித்தப்பாதான் பிரித்தார். உள்ளே என் வகுப்புப் பிள்ளைகள் செய்த வாழ்த்து அட்டைகள். மினுமினுப்புத் தூள் கொட்டி மேசை முழுக்கப் பரவியது. பூக்கள், பலூன்கள், ஒரு நாய்க்குட்டி. ஒரு அட்டையில் ஓர் இரும்புக் கட்டில் படமாகக் கீறியிருந்தது. அதில் மண்ணிறம் பூசிய முகத்தோடு ஒரு சிறுமி படுத்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட தாதி. மேலே என் பெயர்.

அம்மா அதைக் கையில் எடுத்தார். “கட்டிலும் போட்டு வைச்சிருக்கினம்” என்றார். அதற்குப் பிறகு கதிரையைத் தேடி அதில் இருந்தார்.

கதவைத் தட்டிய பெண்ணிடம் தான் ‘இன் வாட்’ என்று சொன்னதை அப்பா சொன்னார். சித்தப்பா தலையில் கைவைத்தார். பிள்ளை ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று அரசாங்கத்துக்குச் சொல்லியாயிற்று. எந்த ஆஸ்பத்திரி என்று நாளைக்குத் தேடினால் பொய் வெளிக்கும். பொய் சொன்ன குடும்பம் என்று வழக்கில் எழுதினால் எல்லோரையும் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். பெரியவர்கள் மூன்று பேரும் என்னை வைத்துக்கொண்டே இதைப் பேசினார்கள். வாய் பேசாத பிள்ளைக்குக் காதும் கேட்காது என்று நினைத்தார்களோ என்னவோ. என்னால் அம்மாவைப் பிடிக்கப்போகிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்டது. நான் எங்கே, எப்போது வாய் திறந்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன்.

அப்பா நல்ல பயந்த சுபாவம். ஆனாலும் அன்று முடிவெடுத்தவர் அவர்தான். “ஒளிச்சு ஒளிச்சு எவ்வளவு காலம் இருக்கிறது. நாளைக்கு நாங்கள் மூண்டு பேருமாய்ப் பள்ளிக்கூடத்துக்குப் போவம். தமிழ் தெரிஞ்ச ஒரு ஆளைக் கூப்பிடச் சொல்லிக் கேப்பம். என்ன வருத்தம் எண்டாலும் தெரிஞ்சுகொண்டு பயப்பிடுவம்” என்றார். அடுத்த நாள் விடிய அம்மா என் தலையை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னிவிட்டார். நெற்றித் தோல் இழுபட்டது.

பள்ளியில் எங்களை ஒரு சின்ன அறையில் இருத்தினார்கள். சிறுவர்களுக்கான தாழ்ந்த கதிரைகள். அப்பாவின் முழங்கால்கள் நாடிவரை வந்தன. நான் நடந்து வருவதைக் கண்டதும் ஆசிரியை வாயில் கைவைத்தார். சுகமாகிவிட்டதா என்று கேட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார். மொழிபெயர்க்க வந்தவர் தமிழ்நாட்டுக்காரப் பெண்; பக்கத்து மருத்துவ நிலையத்தில் வேலை செய்கிறவர் என்று சொன்னார்கள். மழைக்கோட்டுக்குக் கீழே சேலை கட்டியிருந்தார், அவர் கழுத்திலும் ஓர் அட்டை தொங்கியது. ஆசிரியை பேசி முடிக்கும்வரை கேட்டுவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“நோயெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. பயப்படாதீங்க. குழந்தை யார்கிட்டயும் பேசறதில்லை, தனக்குள்ளேயே போயிட்டிருக்கான்னு சொல்றாங்க. இன்வர்ட்னா அதான். உள்பக்கமா திரும்பிக்கறது.”

அம்மா அதை இரண்டு முறை சொல்லக் கேட்டார். வாட் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றார்கள். கட்டில் இல்லையா என்று கேட்டார். மொழிபெயர்த்த பெண்ணுக்கு அது விளங்கவில்லை. அப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“தனக்குள்ளை எங்கை போறது?” என்று அம்மா கேட்டார். “வீட்டிலை கதைக்கிறவள்தானே.”

அந்தப் பெண் என்னை நோக்கிக் குனிந்தார். ஏன் கண்ணு பேச மாட்டேங்கறே, ஸ்கூல் பிடிக்கலையா என்று கேட்டார். தமிழில் கேட்ட அந்நியர். எனக்கு இதற்கு ஒரு விதி சொல்லித் தரப்படவில்லை. என் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் கேள்வி கேட்கிறார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஹீட்டர் குழாய் டிக் டிக் என்றது. நான் எழும்பிப் போய் அம்மாவின் காதுக்குள் கேட்டேன்.

“அம்மா, இவை கேக்கினம். சொல்லலாமோ?”

மெதுவாகத்தான் கேட்டேன். சின்ன அறை. தமிழ் தெரிந்த எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

அம்மாவின் முகத்தில் அந்த வினாடி என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு இப்போதும் சரியான சொல் வரவில்லை. என்னைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். “அண்டைக்குச் சொன்னதையோ?” என்றார். “இவ்வளவு காலமும் அதையோ?” நான் தலையாட்டினேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூடாது என்றீர்கள், திறந்தால் உங்களைப் பிடித்துவிடுவார்கள் என்றீர்கள் என்றேன். நான் திரும்பவே இல்லை அம்மா என்றேன்.

இதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். அம்மா அந்த அறையில் அதற்குப் பதில் சொன்னால், வேறு பெயரில் வந்து இறங்கியதைக் கழுத்தில் அட்டை தொங்குகிறவர்களுக்கு முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். பேசாமல் என்னைக் கூட்டிக்கொண்டு எழும்பியிருக்கலாம். அப்பா அம்மாவின் முழங்கையைத் தொட்டார், நிறுத்தச் சொல்லியா சொல்லச் சொல்லியா தெரியாது. அம்மா அந்தக் கையை எடுத்துவிட்டு என் பெயரைச் சொன்னார். முழுப்பெயரை. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அது பிளேனுக்கு மட்டும் சொன்னது பிள்ளை. அது முடிஞ்சுது. அம்மா உனக்குச் சொல்ல மறந்துபோனன். இனி ஆர் கூப்பிட்டாலும் திரும்பு.”

ஆசிரியை மொழிபெயர்ப்பவரைப் பார்த்தார், தாய் என்ன சொல்கிறார் என்று. அந்தப் பெண் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இங்கிலிஸில் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. பயணத்தில் அந்நியரோடு பேச வேண்டாம் என்று தாய் சொல்லி வைத்திருந்தாராம். பிள்ளை அதைப் பள்ளிக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டதாம். மிகவும் சொல்வழி கேட்கிற பிள்ளை என்றும் சேர்த்துக்கொண்டார். ஆசிரியையின் தோள்கள் இறங்கின. நல்ல தாய் எவரும் அதைத்தான் சொல்வார் என்றார். ஆஸ்பத்திரிக் கதையை அந்தப் பெண் எப்படிச் சமாளித்தார் என்று எனக்கு ஞாபகமில்லை. இரண்டு சொற்களின் குழப்பம் என்று ஏதோ சொல்ல, ஆசிரியை சிவந்துபோய் மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஆசிரியை நல்லவர். ஆனால் அவரும் சரியாகச் சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன். நான் எனக்குள் போகவில்லை. முழுநேரமும் வெளியேதான் நின்றேன், கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு, அம்மாவுக்குக் காவலாக. வகுப்பில் என் பெயருக்குப் பதில் சொல்ல இன்னும் சில காலம் எடுத்தது. முதலில் கையை உயர்த்தினேன். பிறகு ஒரு நாள் சத்தமும் வந்தது. அதற்கு ஒருவரும் கைதட்டவில்லை. ஆசிரியை அடுத்த பெயருக்குப் போய்விட்டார். எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

ஆனால் அந்தக் காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வேறொன்று. அன்று பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்த பஸ்.

மழை தூறியது. நாங்கள் கீழ்த்தட்டில் இருந்தோம், அப்பாவும் அம்மாவும் பக்கத்தில், நான் அம்மாவின் மடியில். யன்னல் முழுக்க ஆவி பிடித்திருந்தது. அம்மா முன் கதிரையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், சின்னம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஒருவரும் கேட்கவில்லை. தானாகத்தான் தொடங்கினார். காய்ச்சல்காரத் தங்கையைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு போனதை, வாட்டில் கட்டில் இல்லாமல் பாயில் கிடத்தியதை, தங்கை கையை விடாமல் பிடித்ததைச் சொன்னார். “விடிய வாறன், நீ சத்தம் போடாமல் படு எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்” என்றார். அன்றிரவு ஊரடங்கு போட்டார்கள். அது எடுபட்டுப் போய்ப் பார்த்தபோது அந்தப் பாயில் வேறு ஆள் கிடந்தார். தங்கை கடைசிவரை சத்தம் போடவே இல்லை என்று தாதி சொன்னாராம், நல்ல பிள்ளையாம்.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அம்மாவோடு இத்தனை வருடம் கடிதத்திலும், இத்தனை மாதம் ஒரே அறையிலும் வாழ்ந்த மனிதர். எங்கள் பஸ் தரிப்பு வந்தது. கோழிக்கடையின் வெளிச்சம் யன்னலில் மஞ்சளாகத் தெரிந்தது. அப்பா மணியை அழுத்தக் கையை உயர்த்தினார். அம்மா பேசிக்கொண்டிருந்தார். அப்பா கையை இறக்கிக்கொண்டார்.

கடை பின்னால் போயிற்று. எனக்குத் தெரியாத தெருக்கள் வந்தன. மற்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசித் தரிப்பில் பஸ் நின்று எஞ்சின் ஓய்ந்தபோது ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். அப்பா எழும்பிப் போய் அவரிடம் தன் பெற்றோல் ஸ்டேசன் இங்கிலிஸில் ஏதோ சொன்னார். ஓட்டுநர் அம்மாவை ஒரு தரம் பார்த்தார். பிறகு தன் பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு, மழையைப் பார்த்தபடி இருந்தார். அப்பா திரும்பி வந்து பக்கத்தில் இருந்து, “சொல்லும்” என்றார். அம்மா சொன்னார்.